இடக்கைக்காரருக்கு எந்தப் பக்கச் சாலை, எந்த உரிமம்?

என் அக்காள் மகள் பிறவியிலேயே இடக்கைக்காரி. எழுதுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, பூப்பந்து மட்டையைச் சுழற்றுவது எல்லாம் இடக்கையால்தான். உண்பது மட்டும் வலக்கையால், ஏனென்றால் அது கையின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமாக எங்கள் வீட்டில் என்றுமே இருந்ததில்லை. பொறியியல் படித்துவிட்டு இங்கே ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவளை, அடுத்த ஆண்டு ஜெர்மனியில் உள்ள தொழிற்சாலைக்கு இரண்டு ஆண்டுப் பணிக்கு அனுப்பவிருக்கிறார்கள். அதற்குள் சிங்கப்பூரிலேயே கார் ஓட்டும் உரிமம் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். மேனுவல் (கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் கார்), ஆட்டோ (கியர் தானாக மாறும் கார்) இரண்டையும் ஓட்ட அனுமதிக்கும் கிளாஸ் 3 உரிமத்துக்குப் பதிவு செய்வதா, ஆட்டோ மட்டும் ஓட்டத்தக்க கிளாஸ் 3ஏ போதுமா என்று கேட்கத்தான் ஈசூனில் உள்ள அவர்கள் வீட்டுக்கு என்னை அழைத்திருந்தாள்.

ஆனால் பேச்சு உரிமத்தில் நிற்காமல் கைக்குப் போய்விட்டது. "இங்கே ஓட்டுவதே இவளுக்குச் சிரமமாக இருக்கும், வலப்பக்கம் ஓடும் ஊரில் போய் என்ன செய்வாள்?" என்று அக்கா கவலைப்பட்டார். மகளுக்கோ நேர்மாறான கணக்கு. "மாமா, இங்கே கியர் இடக்கைப் பக்கம்தானே இருக்கிறது, அது எனக்குச் சாதகம்தானே? ஜெர்மனிக்குப் போனால் அது வலக்கைக்குப் போய்விடும், அதுதான் யோசனையாக இருக்கிறது" என்றாள். இருவருமே கைப்பழக்கத்துக்கும் சாலையின் பக்கத்துக்கும் ஏதோ ஒரு வலுவான தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் பேசினார்கள். நானும் இடக்கையோடு பிறந்தவன். முதல் வகுப்பில் பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் திணித்த தலைமுறையைச் சேர்ந்தவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர்ச் சாலைகளில் ஓட்டுகிறவன். அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், சாலையின் பக்கத்தைக் கைதான் தீர்மானித்தது என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் வாள். மனிதர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். வாளை இடுப்பின் இடப்புறம் செருகியிருப்பவர் குதிரைமேல் இடப்புறமிருந்துதான் ஏற முடியும் என்பதால் சாலையின் இட ஓரம் அவருக்கு வசதி. எதிரே வருகிறவர் பகைவராக இருந்தால் வாள் பிடித்த வலக்கை அவர் பக்கம் இருக்க வேண்டும் என்பதால், இடப்பக்கமாகச் செல்வதே பாதுகாப்பு. இது ஊகம்தான் என்றாலும் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. லண்டன் பாலத்தில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும் என்று நகரத் தலைவர் 1722இல் ஆணையிட்டார். 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் அதைப் பொது விதியாக்கியது. பிரிட்டிஷ் ஆட்சி சென்ற இடங்களுக்கெல்லாம் அந்த விதியும் போனது. சிங்கப்பூரும் மலேசியாவும் இந்தியாவும் இலங்கையும் இன்றும் இடப்பக்கம் ஓட்டுவது அதனால்தான்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெரிய சரக்கு வண்டிகள் பல குதிரைகள் பூட்டி ஓடின. வண்டியில் ஓட்டுநருக்கென்று தனி இருக்கை கிடையாது. கடைசி வரிசையில் இடப்புறம் உள்ள குதிரைமேல் அவர் அமர்ந்துகொள்வார், அல்லது வண்டியின் இடப்புறமாக நடந்து வருவார். சாட்டை வலக்கையில் இருப்பதால், இடப்புறக் குதிரைமேல் அமர்ந்தால்தான் எல்லாக் குதிரைகளுக்கும் அது எட்டும். அப்படி இடப்புறம் அமர்ந்தவர், எதிர்வரும் வண்டியின் சக்கரம் தம் சக்கரத்தில் உரசாமல் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டுமானால், எதிர்வண்டி தம் இடப்புறமாகக் கடக்க வேண்டும். ஆகவே அவர் சாலையின் வலப்பக்கத்தில் போனார். பென்சில்வேனியா 1792இலும் நியூயார்க் 1804இலும் வலப்பக்க விதியை எழுதி வைத்தன.

இந்த இரண்டு விளக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் தெளிவானது. இரண்டிலும் இருப்பது அதே வலக்கை. கையில் வாள் இருந்தால் இடப்பக்கச் சாலை, சாட்டை இருந்தால் வலப்பக்கச் சாலை. கை எந்தக் கருவியைப் பிடித்தது, பிடித்தவர் எங்கே அமர்ந்தார் என்பவைதான் முடிவை மாற்றியிருக்கின்றன. வலக்கைப் பழக்கம் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க, உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஓட்டும் நாடுகளில் வாழ்வதற்குக் கையைக் காரணம் காட்ட முடியாது.

நகரும் படிகளிலும் இதையே பார்க்கலாம். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் நாம் இடப்பக்கம் நின்று, அவசரமாகப் போகிறவர்களுக்கு வலப்பக்கத்தை விடுகிறோம். நம்மைப் போலவே இடப்பக்கம் கார் ஓட்டும் லண்டனில் வலப்பக்கம் நிற்கிறார்கள். ஜப்பானில், தோக்கியோவில் இடப்பக்கமும் ஒசாகாவில் வலப்பக்கமும் நிற்பது வழக்கம். ஒரே நாடு, ஒரே சாலை விதி, அதே விழுக்காட்டில் வலக்கைக்காரர்கள்.

வரலாற்றை இத்துடன் விட்டுவிட்டுக் காருக்குள் வருவோம், ஏனென்றால் என் அக்காள் மகளின் கேள்வி காருக்குள்தான் இருக்கிறது. இடப்பக்கம் ஓடும் நாடுகளில் ஸ்டீயரிங் வலப்புறம் இருக்கும், வலப்பக்கம் ஓடும் நாடுகளில் இடப்புறம் இருக்கும். பலர் நினைப்பதுபோல் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் கிடையாது. வலது காலுக்கு ஆக்சிலரேட்டர், நடுவில் பிரேக், இடது காலுக்கு கிளட்ச் என்ற வரிசை எந்த நாட்டுக் காரிலும் மாறுவதில்லை. கியர் வரைபடமும் மாறுவதில்லை: முதல் கியர் பொதுவாக இடப்புறம் மேலே, இரண்டாவது அதற்கு நேர் கீழே. ஆட்டோ காரானால் இடது காலுக்கு வேலையே இல்லை.

கியர் வரைபடம் மாறாததால் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டாகிறது. கையால் தொட்டுப் பார்த்தால்தான் அது புரியும். சிங்கப்பூர்க் காரில் முதல் கியருக்குப் போக, இடக்கையால் குமிழை நம்மைவிட்டு விலக்கி, பக்கத்து இருக்கையை நோக்கித் தள்ளி, பிறகு முன்னே செலுத்த வேண்டும். உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பும். ஜெர்மன் சாலையில் ஓடும் காரில் வலக்கையால் குமிழை நம் தொடையை நோக்கி இழுத்து முன்னே தள்ளினால் முதல் கியர். ஐந்தாவதுக்கு இங்கே நம் பக்கம் இழுக்க வேண்டும், அங்கே விலக்கித் தள்ள வேண்டும். கை மாறுவதோடு இழுப்பும் தள்ளலும் இடம் மாறிக்கொள்கின்றன. இதைப் பழக ஓரிரு நாட்கள் ஆகும். இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் அதே ஓரிரு நாட்கள்தான்.

இப்போது சாதகம் யாருக்கு என்று பார்ப்போம். என் அக்காள் மகள் சொன்னது முதல் பார்வைக்குச் சரியாகவே தோன்றும்: இங்கே கியர் இடப்புறம், அவளுடைய வலுவான கையும் இடக்கை. ஆனால் கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில் மற்றக் கை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கியர் மாற்றுவது குறிப்பிட்ட பள்ளங்களுக்குள் குமிழைத் தள்ளும் வேலை. சரியாக விழுந்ததா என்பதைக் கருவியே சொல்லிவிடும். ஸ்டீயரிங் அப்படிப்பட்டதன்று. அதற்குப் பள்ளம் கிடையாது; எவ்வளவு திருப்ப வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்பதைக் கைதான் ஓயாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும். நுட்பமான வேலை வலுவான கைக்கும் பழகிய வேலை மற்றக் கைக்கும் போவதுதான் நல்ல பங்கீடு என்றால், சிங்கப்பூர்க் கார் வலக்கைக்காரருக்குத்தான் பொருந்துகிறது: வலக்கை ஸ்டீயரிங்கில் நிற்க, இடக்கை கியருக்குப் போகிறது. இடக்கைக்காரருக்கு ஜெர்மன் காரே பொருத்தம். மகள் நினைத்ததற்கும், அக்கா பயந்ததற்கும் இது எதிரானது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மேனுவல் காரில் பழகிய நாட்களில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே உள்ள குறுகிய சாலையில் இடப்பக்கம் திரும்பும்போது என் கார் ஒவ்வொரு முறையும் சற்று அகலமாகத் திரும்பி நடுக்கோட்டை நோக்கிச் சென்றது. திருப்பத்தின் நடுவில்தான் இரண்டாவது கியருக்கு மாற்றுவேன். அந்த நொடியில் ஸ்டீயரிங்கை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது என் வலக்கை மட்டும். அதன் பிடியில் அளவு தெரியவில்லை. என் ஆசிரியர் இரண்டு பாடங்கள் கவனித்துவிட்டு, திருப்பத்துக்கு முன்பே கியரை மாற்றி முடித்துவிடு, பிறகு இரண்டு கைகளாலும் திருப்பு என்றார். அன்றே சரியாகிவிட்டது. எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் நல்ல முறைதான் அது. வலக்கைக்காரர் அதை மீறினாலும் தப்பித்துவிடுவார், இடக்கைக்காரருக்கு மீறியது உடனே தெரிந்துவிடும்.

இதைத் தவிர, இங்குள்ள கார்களில் இடக்கைக்காரரை உறுத்தும் மற்றவை சிறியவை. ஜப்பானியக் கார்களில் சிக்னல் தண்டு ஸ்டீயரிங்கின் வலப்புறமும், ஐரோப்பியக் கார்களில் இடப்புறமும் இருக்கும். கார் மாற்றி ஓட்டும்போது மழையில்லாத நாளில் வைப்பரைப் போட்டுவிடுவது கைப்பழக்கம் பாராமல் எல்லோருக்கும் நேர்வது. எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போகும்போது சாலைக் கட்டணச் சாவடியில் அட்டையைத் தட்டுவதும், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் 2024 மார்ச் முதல் நடப்பிலுள்ள கியூஆர் குறியீட்டுக்காகக் கைப்பேசியை நீட்டுவதும் வலப்புற ஜன்னல் வழியாகத்தான். எனக்கு இன்றும் இடக்கைதான் முதலில் எழும். உடம்பைத் திருப்பி மார்புக்குக் குறுக்கே நீட்டிவிட்டு, பிறகு அட்டையை வலக்கைக்கு மாற்றுவேன். அதில் ஆபத்தொன்றும் இல்லை, நின்ற காரில் நடப்பதுதானே. மோட்டார் சைக்கிளில் இந்தப் பேச்சே எழாது: எந்த நாட்டிலும் ஆக்சிலரேட்டர் வலக்கையில், கிளட்ச் இடக்கையில், நிறுத்தித் தாங்கும் ஸ்டாண்ட் இடப்புறம்.

விபத்துகளைப் பற்றிய கவலை வேறு வகை. அக்காவின் மனத்தில் இருந்ததும் அதுதான். இடப்பக்கம் ஓடும் நாடுகளில் விபத்து விகிதம் குறைவு என்று பிரிட்டனைச் சேர்ந்த சாலைப் பொறியாளர் ஜே. ஜே. லீமிங் 1969இல் சுட்டிக்காட்டினார். பெரும்பாலோருக்கு வலக்கண்ணே முதன்மைக் கண் என்பதால், வலப்புறம் அமர்ந்து எதிர்வரும் வாகனங்களை வலப்புறத்தில் பார்ப்பது அவர்களுக்கு உதவக்கூடும் என்ற ஊகம் இதையொட்டி அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் லீமிங் எடுத்துக்கொண்ட இடப்பக்க நாடுகள் சிலவே. வேறுபாட்டுக்குச் சாலை விதிதான் காரணம் என்று அவரே உறுதியாகச் சொல்லவில்லை. இன்றைய நிலையைப் பார்த்தால் அந்த ஊகத்துக்கு இடமே இல்லை என்பது என் முடிவு. இடப்பக்கம் ஓட்டும் சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் பிரிட்டனிலும், வலப்பக்கம் ஓட்டும் சுவீடனிலும் நார்வேயிலும் ஆண்டுதோறும் சாலையில் உயிரிழப்போர் லட்சம் பேருக்கு மூன்று பேருக்கும் குறைவு. அதே இடப்பக்கம் ஓட்டும் தாய்லாந்தில் அந்த எண் இருபதைத் தாண்டுகிறது. மோட்டார் சைக்கிள்களின் எண்ணிக்கை, தலைக்கவசம், வேகம், குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் கண்டிப்பு என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அந்த அடுக்கில் சாலையின் பக்கத்துக்கு இடம் கிடைப்பது கடினம்.

இடக்கைக்காரர்கள் விபத்தில் அதிகம் சாகிறார்கள் என்ற செய்தியும் ஒரு காலத்தில் பரவியது. உளவியலாளர்களான அமெரிக்காவின் டயேன் ஹால்பெர்னும் கனடாவின் ஸ்டான்லி கோரனும் தெற்குக் கலிபோர்னியாவில் இறந்த 987 பேரின் விவரங்களை ஆராய்ந்து, வலக்கைக்காரர்களின் சராசரி இறப்பு வயது 75, இடக்கைக்காரர்களுடையது 66 என்று 1991இல் வெளியிட்டார்கள். வாகன விபத்துகளும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பின்னர் வந்தவர்கள் அதிலிருந்த பிழையை எடுத்துக்காட்டினார்கள். முந்தைய தலைமுறையில் இடக்கைக் குழந்தைகளை வலக்கைக்கு மாற்றிவிட்டதால், இறந்தவர்களில் முதியவர்களிடையே இடக்கைக்காரர்களாக அறியப்பட்டவர்களே குறைவு. இடக்கைக்காரர்களாக எண்ணப்பட்டவர்களில் இளவயதில் இறந்தவர்களே மிகுந்திருந்ததால் சராசரி இறங்கிவிட்டது. பென்சிலைப் பிடுங்கி வாங்கப்பட்ட என்னைப் போன்றவர்களும் அந்தக் கணக்கில் வலக்கைக்காரர்களாகத்தான் பதிவாகியிருப்போம். இதை அக்காவிடம் விளக்கியபோதுதான் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

அப்படியானால் ஜெர்மனிக்குப் போவதில் கவலைப்பட ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது கையைப் பற்றியதன்று, பழக்கத்தைப் பற்றியது. ஒரு முறை ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கார் வாடகைக்கு எடுத்து மூன்று நாட்கள் ஓட்டினேன். முதல் நாள் முழுவதும் கியர் மாற்ற நினைக்கும்போதெல்லாம் என் இடக்கை கதவில் போய் இடித்தது. விரல் முட்டிகள் சிவந்துவிட்டன. அது அசௌகரியம் மட்டுமே. உண்மையான ஆபத்து மூன்றாம் நாள் காலையில் வந்தது. ஒரு சிறிய ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வெளியே வந்தேன். சாலையில் ஒரு வாகனமும் இல்லை. இடப்பக்கம் திரும்பினேன், நேராக இடத் தடத்தில் போய் நிதானமாக ஓட்டத் தொடங்கிவிட்டேன். நூறு மீட்டர் போயிருப்பேன். தொலைவில் ஒரு லாரி எதிரே வந்து விளக்கை அடித்து அடித்துக் காட்டியபோதுதான் உடல் சிலிர்த்து வலப்பக்கம் ஒதுங்கினேன். முதல் இரண்டு நாட்கள் நெரிசலில், முன்னால் போகும் காரைப் பார்த்து ஓட்டியபோது தவறவே இல்லை. வழிகாட்ட வேறு வாகனம் இல்லாத காலியான சாலையில், பெட்ரோல் நிலையத்திலிருந்தோ கார் நிறுத்துமிடத்திலிருந்தோ வெளியே வரும் அந்த முதல் திருப்பத்தில்தான் பழைய பழக்கம் மேலே வருகிறது. வலக்கைக்காரர் ஒருவர் அந்த இருக்கையில் இருந்திருந்தாலும் அப்படியேதான் திரும்பியிருப்பார்.

நாடுகளே பக்கம் மாறிய கதைகளும் இதைத்தான் காட்டுகின்றன. சுவீடனில் 1955இல் நடந்த வாக்கெடுப்பில் 83 விழுக்காட்டினர் இடப்பக்கமே வேண்டும் என்றார்கள். ஆனாலும் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுவதும் வலப்பக்கம் மாறியது. அண்டை நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம் ஓட்டின. அதைவிட முக்கியம், இடப்பக்கம் ஓட்டிக்கொண்டே சுவீடன் மக்கள் பெரும்பாலும் இடப்புற ஸ்டீயரிங் கார்களையே வைத்திருந்தார்கள். ஓட்டுநர் சாலையோரப் பக்கம் அமர்ந்திருந்ததால், முன்செல்லும் வாகனத்தைத் தாண்ட எட்டிப் பார்ப்பதற்கு நடுக்கோடு அவருக்குத் தெரியாது. மாறிய பிறகு சில காலம் எல்லோரும் மிகக் கவனமாக ஓட்டியதால் விபத்துகள் குறைந்தன. இரண்டே ஆண்டுகளில் பழைய அளவுக்குத் திரும்பின. 1970இல் வலப்பக்கம் மாறிய மியன்மாரில் கார்களும் பேருந்துகளும் பழைய வலப்புற ஸ்டீயரிங்குடனேயே ஓடின. பேருந்தின் கதவு சாலையின் நடுப்பக்கம் திறந்தது. சமோவா 2009 செப்டம்பர் 7ஆம் தேதி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறியதன் நோக்கம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து மலிவான கார்களைக் கொண்டுவருவது. இந்த நாடுகளில் எதுவும் மக்களின் கைப்பழக்கத்தை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கவில்லை. சாலையின் பக்கமும் ஸ்டீயரிங்கின் பக்கமும் பொருந்துகின்றனவா என்பதே அங்கெல்லாம் முக்கியமாக இருந்தது.

ஆகவே வெளிநாட்டில் நினைவில் வைத்துக்கொள்ள நான் அவளுக்குக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: எந்த நாடானாலும் ஓட்டுநர் நடுக்கோட்டை ஒட்டி அமர்ந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் கோடு உன் வலத் தோள் பக்கம், ஜெர்மனியில் இடத் தோள் பக்கம். தோளுக்கு அருகே நடைபாதை தெரிந்தால் தவறான தடத்தில் இருக்கிறாய். வட்டச் சந்திப்புக்கு நமக்கு வேறொரு நினைவுக்குறிப்பும் உண்டு. நியூட்டன் சர்க்கஸில் வாகனங்கள் சுற்றும் திசை, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் நாம் வலம் வரும் திசைதான்; அம்மன் வலப்புறம் இருப்பதுபோல் வட்டத்தின் நடுவும் வலப்புறம் இருக்கும், வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிடுவோம். ஜெர்மனியில் சுற்று எதிர்த்திசை. நடு இடப்புறம், வட்டத்துக்குள் ஏற்கனவே இடப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஆனால் அடையாளப் பலகை இல்லாத சிறு சந்திப்புகளில் அங்கும் வலப்புறமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. இந்த வேறுபாடுகளைக் கற்பதற்குச் செலவிடும் ஒரு மணி நேரம், இடக்கையா வலக்கையா என்று யோசிக்கும் பத்து மணி நேரத்தைவிடப் பயன் தரும்.

இனி உரிமத்துக்கு வருகிறேன். கைப்பழக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கிளாஸ் 3ஏதான் எளிது: கியர் மாற்றுவதே இல்லை, இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில், மேலே நான் சொன்ன ஒற்றைக்கைச் சிக்கல் எழுவதே இல்லை. சிங்கப்பூரிலேயே வாழ்நாள் முழுவதும் ஓட்டப்போகும் ஓர் இடக்கைக்காரர் என்னைக் கேட்டால், தயங்காமல் 3ஏ என்பேன். இங்கே விற்கும் புதிய கார்கள் ஏறக்குறைய அனைத்தும் ஆட்டோ; மின்சாரக் காரில் கிளட்சே கிடையாது; 2030 முதல் பதிவாகும் புதிய கார்கள் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பதும் 2040க்குள் பெட்ரோல், டீசல் வாகனங்களை ஒழித்துவிட வேண்டும் என்பதும் அரசாங்கத்தின் திட்டம். மேட்டில் நின்று கிளட்சைத் தளர்த்தும்போது கார் பின்னால் உருள்வது, சந்திப்பின் நடுவில் இன்ஜின் அணைந்துபோவது போன்ற, தேர்வில் பலரை வீழ்த்தும் பயங்களும் ஆட்டோவில் இல்லை. வகுப்புகள் குறைவாகவே தேவைப்படுவதால் பணமும் மிச்சம்.

கிளாஸ் 3க்கு ஆதரவாக நிற்கும் வாதம் கையிலிருந்து வரவில்லை, வேலையிலிருந்து வருகிறது. ஆட்டோவுக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவருக்கு அந்த வரம்பு வெளிநாட்டிலும் கூடவே வரும். ஜெர்மனியில் குடியேறுகிறவர் தம் வெளிநாட்டு உரிமத்தை ஆறு மாதம் வரைதான் பயன்படுத்தலாம். பிறகு அந்த நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே தொழிற்சாலை வேன்களும், நண்பர்களின் பழைய கார்களும், மலிவான வாடகைக் கார்களும் இன்னும் பெரும்பாலும் மேனுவல்தான். இங்கே 3ஏ எடுத்துவிட்டுப் பிறகு மேனுவல் தேவைப்பட்டால் மறுபடியும் செய்முறைத் தேர்வுக்குப் போக வேண்டும். அதை விடுப்பில் வந்து செய்வது எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு வேலை, அதுவும் தொழிற்சாலைக்கும் ஊருக்கும் நடுவே நாள்தோறும் போக்குவரத்து என்றால், இவளுக்குக் கிளாஸ் 3தான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. கிளம்பும் தேதி ஆறு மாதத்துக்குள் என்றால் மட்டும் இதை மாற்றிச் சொல்வேன்: தேர்வுத் தேதி கிடைக்கவே காத்திருக்க வேண்டிய நிலையில், கையில் உள்ள 3ஏ கைக்கு வராத 3ஐவிட மேல்.

இன்னொரு வழியையும் அவள் கேட்டாள்: இங்கே எதுவும் எடுக்காமல் நேராக ஜெர்மனியில் கற்றுக்கொண்டால், கையும் பக்கமும் முதலிலிருந்தே ஒத்துப்போகும் அல்லவா? என் பங்கீட்டுக் கணக்கின்படி அது இடக்கைக்காரருக்கு மிகப் பொருத்தமான தொடக்கம்தான். ஆனால் வேற்று மொழிச் சூழலில், வேலையின் முதல் மாதங்களில், பனிக்காலத்தில் ஓட்டக் கற்பதன் பளு, கை தரும் அந்தச் சிறிய சாதகத்தைவிடப் பல மடங்கு. இரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பும்போது எதிர்ப்பக்கப் பழக்கத்தோடு இங்கே வந்து நிற்பாள் என்பதும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

கிளாஸ் 3க்குப் பதிவு செய்தாயிற்று. முதல் செய்முறைப் பாடத்துக்கு முன்பு, என் காரைப் புளோக்கின் அடித்தள நிறுத்துமிடத்தில் இன்ஜின் அணைத்த நிலையில் நிறுத்தி, அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் ஸ்டீயரிங்கின் மூன்று மணி நிலையைப் பிடித்து, மெல்லப் பன்னிரண்டு மணிக்குத் தள்ளி, அதே வேகத்தில் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். இன்ஜின் ஓடாதபோது ஸ்டீயரிங் கனமாக இருக்கும். அசைவதே கொஞ்சம்தான், ஆனால் கையின் நடுக்கம் அதில் நன்றாகத் தெரியும். ஐந்தாறு முறைக்குப் பிறகு தோளை உயர்த்துவதை நிறுத்தினாள். பத்தாவது முறை சக்கரம் போன வழியே சீராகத் திரும்பி வந்தது. இடக்கைக்காரர் இந்த ஊரில் மேனுவல் கற்கும்போது கூடுதலாகச் செய்ய வேண்டிய பயிற்சி என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். வாரத்துக்கு இரண்டு நாள், பாடத்துக்கு முந்தைய மாலையில், கால் மணி நேரம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.